தவறான அடி உண்டு
"ஹேண்ட்பேனில் தவறான ஸ்வரமே கிடையாது, ஆசிரியர் எதற்கு?" என்று இந்தக் கட்டுரையில் கேட்டிருப்பது பாதிதான் சரி. இரண்டு எஃகுக் கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டியது போன்ற, மடியில் வைத்துக் கையால் தட்டி வாசிக்கும் கருவி இது. டி குர்ட் மாதிரி ஏதாவது ஒரே ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) சுருதி சேர்த்து வருவதால் எதைத் தொட்டாலும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் தொடுகிற விதம்? நாலு மாதம் யூடியூப் பார்த்து நானே தட்டினேன், தகர டப்பா சத்தம்தான் வந்தது. பிறகு தனி வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் ஆசிரியர் பாட்டு எதுவும் எடுக்கவில்லை. "தோசைக்கல் சூடாச்சான்னு தொட்டுப் பார்ப்பீங்கல்ல, அப்படிப் பட்டதும் விரலை எடுங்க" என்று, அரை மணி நேரம் நடுவில் மேடாக உள்ள 'டிங்' என்ற ஸ்வரத்தை மட்டும் தட்ட வைத்தார். விரல் தங்கினால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடுகிறது. ஓங்கி அடித்துப் பழகினால் நாளடைவில் சுருதியே கலையும். இடது கை இன்னும் மக்கர்தான், தாள வேகம் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு வைத்துத் தனியாகப் பழகுகிறேன். மேலே கருத்து எழுதிய ஒருவர் ஹேண்ட்பேனை "வெளிநாட்டுக் கடம்" என்று கேலி செய்திருக்கிறார். முழுக்கத் தப்பில்லை, 2000-ல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் ஃபெலிக்ஸ் ரோனரும் சபீனா ஷேரரும் இதன் மூலமான 'ஹாங்' கருவியை உருவாக்கியதில் கடத்துக்கும் பங்குண்டு. ஆனால் கடம் வாசிக்கிற என் தம்பி வந்து உள்ளங்கையால் ஒன்று போட்டான் பாருங்கள், ஆசிரியர் பதறி எழுந்தேவிட்டார்.