புரியும் ஃபைபரும், நடுவில் அகப்பட்ட நானும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நாரைக் குறிக்கும் ஃபைபர் என்ற ஆங்கிலச் சொல், முறுக்கிய இழையைக் குறிக்கும் நம் 'புரி'யிலிருந்துதான் போனது என்று மேடையில் பேசியவர் முழங்கியதும், அரங்கம் கைதட்டியதும், எழுந்து சான்று கேட்ட நான் ஒரே இரவில் தமிழ்ப் பகைவன் ஆனதும் உங்களுக்குத் தெரியும்.

முப்புரி நூலும் வைக்கோற்புரியும் எனக்கும் தெரிந்தவைதான். பூவோடு சேர்ந்த நார் மணக்கலாம்; ஓசை கொஞ்சம் ஒத்துப்போவதால் புரி ஃபைபர் ஆகிவிடாது. ஃபைபர், லத்தீன் 'ஃபிப்ரா'விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ரோமானியர்கள் பலி விலங்கின் ஈரலை எடுத்துக் குறி பார்த்தார்களே, அந்த ஈரலின் மடலுக்கும் ஃபிப்ரா என்றுதான் பெயர். இழையைக் குறிக்கும் 'ஃபீலும்' அதற்கு உறவா, பிளத்தலைக் குறிக்கும் 'ஃபிண்டெரே' உறவா என்று லத்தீன் அறிஞர்களே இன்னும் முடிவு கட்டவில்லை. நாம் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டோம்.

ஈரலில் தொடங்கிய அந்தச் சொல், 1953இல் ஹிப்ஸ்லி என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையில் உணவின் நார்ச்சத்தைக் குறித்தது. பஞ்சாபில் பிறந்த இயற்பியலாளர் நரிந்தர் சிங் கப்பானி 1960இல் அதை ஒளியோடு இணைத்து 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்று எழுதினார். இன்று நம் மீனவரிடம் ஃபைபர் என்றாலே படகுதான். இவ்வளவு தூரம் நடந்த சொல்லுக்குப் பொய்யான பிறப்புச் சான்றிதழ் எதற்கு?

"அப்படியானால் ஆங்கிலத்துக்கு நாம் ஒன்றுமே கொடுக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். கொடுத்தோம். கட்டுமரம் அங்கே கேட்டமரான் ஆனது. நம் கயிற்றின் உடன்பிறப்பான மலையாளக் கயர், தேங்காய் நாருக்கு ஆங்கிலப் பெயராகவே நிலைத்துவிட்டது. மெய்யான கொடையைச் சொன்னால் கைதட்ட ஆளில்லை என்பதற்கு நான் என்ன செய்ய முடியும்? பிள்ளைகளுக்குப் பெருமை ஊட்டினால் என்ன குற்றம் என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கில்லை.

"நீ மொழியியல் படித்தவனா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை ஐயா, நான் நார் கிழித்தவன். அம்மா கூலிக்குப் பூக்கட்டிய நாட்களில், காய்ந்த வாழைமட்டையைத் தண்ணீரில் நனைத்து, கட்டைவிரல் நகத்தால் மெல்லிய நாராக வகிர்ந்து கொடுப்பது என் வேலை. நார் காய்ந்துவிட்டால் முல்லைக் காம்பை அறுத்துவிடும் என்பதால், ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டுவேன்.

அந்த நாருக்கு நம் மொழியில் இன்னொரு பொருளும் உண்டு: அன்பு. பேதையின் செயல்களைப் பட்டியலிடும் வள்ளுவர், "நாணாமை நாடாமை நாரின்மை யாதொன்றும் பேணாமை பேதை தொழில்" என்கிறார். அந்த நாரின்மைக்கு அன்பில்லாமை என்று பொருள். பூவைக் கட்டுவதும் மனிதரைக் கட்டுவதும் ஒரே சொல்லாக இருக்கும் மொழியை வைத்துக்கொண்டு, ரோமானியனின் ஈரலுக்கு உரிமை கொண்டாட வேண்டுமா? இதைக் கேட்டதற்காக என்னைப் பகைவன் என்று எழுதியவர்களில் மூவர், எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அம்மா கையால் உண்டவர்கள். நாடாமையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நாரின்மைதான் வலிக்கிறது.

புரிக்குச் சான்று இருந்தால், சுவடியோ கல்வெட்டோ அகராதியோ, எதுவாயினும் அனுப்புங்கள், படிக்கிறேன். வசை மட்டும் வேண்டாம். அது தேவைக்கு மேல் வந்து சேர்ந்துவிட்டது.