வெள்ளைக் கிரேயான்

பத்து வருஷம் வீட்டில் டிராயிங் கிளாஸ் எடுத்தவள் நான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலு காக்காய். இந்தப் படத்தை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. தினமும் மலைக்கோட்டையைப் பார்த்து வளர்கிற திருச்சிப் பிள்ளைகூட மலை என்றால் முக்கோணம்தான் போடும். போட வைத்தது நான்தான். அதனால் இந்தப் பதிவில் திட்டு வாங்கப் போகிறவர்களில் முதல் ஆளாக என்னையே வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் அபார்ட்மென்டில் ஒரு ஒர்க்‌ஷாப் நடந்தது. ‘மைண்ட்ஃபுல் பெயின்டிங்’, நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை, இரண்டு மணி நேரம், தலைக்கு 600 ரூபாய். தம்பி மகன் அப்போது எங்கள் வீட்டில் இருந்தான். ஐந்து வயது. கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். அது நன்றாகவே இருந்தது. ஒரு வாண்டு மட்டும் வயிற்றை எக்கி எக்கிக் காட்டிப் பக்கத்துப் பையனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாள். அதில் ஐந்து வட்ட முகங்கள். சந்தோஷம் மஞ்சள், கோபம் சிவப்பு, சோகம் நீலம், பயம் கறுப்பு, அமைதி பச்சை. “இன்னைக்கு உங்க மனசு எந்தக் கலர்?” என்று கேட்டார் நடத்தியவர். பதினைந்து பிள்ளைகளில் பதின்மூன்று மஞ்சளை எடுத்தன. பின்னால் நாற்காலி போட்டு அம்மாக்கள் உட்கார்ந்திருக்கும்போது வேறு எதை எடுக்கும்? எங்கள் பையனும் மஞ்சள்தான். கையில் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள்.

நடத்தியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் கோபத்துக்குச் சிவப்பு என்று யார் முடிவு செய்தது? நம் வீட்டில் சிவப்பு என்றால் குங்குமம், மருதாணி, கல்யாணப் புடவை. ஒரு பிள்ளைக்கு அது தக்காளி சாதம், இன்னொன்றுக்கு முழங்காலில் சிராய்த்த இடம். மனசில் இருப்பதை வெளியே எடுக்கத்தான் பெயின்டிங் என்று சொல்லிவிட்டு, எதை எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று முன்னாலேயே லேபிள் ஒட்டிக் கொடுத்தால், அது நான் சொல்லிக்கொடுத்த இரண்டு மலை போலத்தான். மலைக்குப் பதில் மனசு, அவ்வளவே.

கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை தாள் முழுக்கக் கறுப்பைத் தீற்றினால் நமக்குப் பக்கென்று ஆகிவிடுகிறது. இணையத்தில் தேடுகிறோம், “குழந்தை மனசுல ஏதோ இருக்கு” என்று போனில் கிசுகிசுக்கிறோம். என் அனுபவத்தில் முக்கால்வாசி நேரம் காரணம் சாதாரணம். வெள்ளைத் தாளில் கறுப்புதான் பளிச்சென்று விழும். அல்லது பன்னிரண்டு கிரேயான் பெட்டியில் உடையாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையின் கிறுக்கலில் அர்த்தம் தேடுவது இன்னும் வீண் வேலை. அந்த வயதில் கை அசைகிறது, அசைந்த இடத்தில் கோடு விழுகிறது, ‘இது நான் செய்தது’ என்று அதற்குத் தெரிகிறது. அந்த ஆனந்தம்தான் முழுப் படமும்.

ஆர்னோ ஸ்டெர்ன் என்று ஒருவர். 1946-இல், இருபத்திரண்டு வயதில், பாரிஸுக்குப் பக்கத்தில் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருந்த ஒரு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளுக்குப் பொழுது போக ஏதாவது செய் என்றார்கள். பெயின்ட் கொடுத்தார். கடைசியில் அதுவே ஆயுள் முழுக்க வேலையாகிவிட்டது. 2024-இல் நூறு வயதில் இறந்தார். பாரிஸில் அவர் நடத்திய அறையில் ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் தாள் குத்துவதற்கு, நடுவில் நீளமான மேசையில் பதினெட்டு நிறங்கள். அங்கே யாரும் ‘இது என்ன?’ என்று கேட்க மாட்டார்கள். ‘சூப்பர்’ என்றும் சொல்ல மாட்டார்கள். படம் வீட்டுக்குப் போகாது, கண்காட்சிக்கும் போகாது. பெரியவரின் வேலை தாளைக் குத்திக் கொடுப்பது, ஊசி இடம் மாற வேண்டுமென்றால் மாற்றுவது, கலர் வழிந்தால் துடைப்பது. கிட்டத்தட்ட எடுபிடி வேலை. முதலில் படித்தபோது ‘பாராட்டக்கூடக் கூடாதா, இதென்ன கல் மனசு’ என்றுதான் எனக்குத் தோன்றியது. பாராட்டு விழுந்த அடுத்த நிமிஷம் பிள்ளை தாளை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறது என்பதை எத்தனையோ தடவை கண்ணால் பார்த்த பிறகுதான் மனுஷர் சொன்னது புரிந்தது.

மைண்ட்ஃபுல் என்பதை நிதானம், கவனம் என்று வைத்துக்கொண்டால், அது பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீல டப்பாவுக்குள் மஞ்சள் பிரஷ்ஷை விட்டுப் பச்சை சுழன்று வருவதைப் பார்க்கிற நாலு வயதுப் பிள்ளைக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க நாம் யார்? போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் அது தேவை.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. தரையில் பழைய பேப்பர், கால்வாசி சார்ட் பேப்பர், ஹார்டுவேர் கடையில் ஒரு இஞ்ச் பிரஷ், மூன்று போஸ்டர் கலரும் ஒரு வெள்ளையும், துடைக்கப் பழைய பனியன் துணி. கையால் பூச ஆசைப்படுகிற சின்னதுகளுக்கு மைதாவைக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, கொஞ்சம் கலர் போட்டுக் கொடுங்கள். மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம், தரையிலிருந்து போகாது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இருபது நிமிஷம் கூட உட்காருங்கள். வாயைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்: “இந்த இடத்துல ரொம்ப அழுத்தியிருக்க.” அவ்வளவு போதும்.

பிள்ளையே பேச வந்தால் கொடுக்க நம்மிடம் சொல் இருக்க வேண்டும். இப்போது வீட்டில் இருப்பவை ‘ஹேப்பி’, ‘சேட்’, ‘ஆங்ரி’, மூன்றே. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரிகிற உணர்வு, சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவாக உணர்வது), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). அதிலும் அழுகைக்கு நாலு காரணம் பிரிக்கிறது: இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு, வறுமை. அசைவு என்பதற்குப் பழைய நிலை கெட்டு வேறு நிலைக்கு மாறி வருந்துவது என்று பொருள் சொல்வார்கள். வீடு மாறி, பழைய பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிள்ளை ராத்திரியில் அழுமே, அது. ஐந்து வயதிடம் போய்த் தொல்காப்பியம் நடத்தச் சொல்லவில்லை. “பழைய வீட்டு ஞாபகமா?” என்று கேட்பதற்கு நமக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வாரக்கணக்கில் பிள்ளை பேச்சே இல்லாமல் இருந்தால் பெயின்ட் டப்பாவோடு நின்றுவிடாதீர்கள். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் இருக்கிறது, 14416, தமிழிலும் பேசுவார்கள்.

இனி, மஞ்சள் எடுத்து ஸ்டார் வாங்கிய எங்கள் பையன்.

தை மாதம் என் அப்பா இறந்துபோனார். அண்ணன் துபாயிலிருந்து வர வேண்டும் என்று ஒரு பகல், ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். இவன் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். யாரோ விலக்கிக் கூட்டிப்போனார்கள். “தாத்தா தூங்குறாருடா” என்று சொன்னது நான்.

எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பத்து வருஷ டீச்சர் புத்தி போகுமா? “வெள்ளையில வெள்ளை தெரியாதுடா, வேற எடு” என்றேன். எடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப் முடிந்து இரண்டு நாள் கழித்து, தண்ணிக் கலர் வேண்டும் என்றான். நீலத்தைக் கரைத்துக் கொடுத்தேன். பழைய தாள் ஒன்றின் மேல் பிரஷ்ஷை இழுத்தான். மெழுகு இருக்கும் இடத்தில் தண்ணிக் கலர் ஒட்டாது, தெரிந்த விஷயம்தான். நீலத்துக்கு நடுவே நீளமாக ஒரு பெட்டி வெள்ளையாக எழுந்து வந்தது. உள்ளே படுத்த மாதிரி ஒரு கோடு, கோட்டின் நுனியில் வட்டம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் குரல் காட்டிக் கொடுத்திருக்கும். இன்னும் கொஞ்சம் நீலம் கரைத்து வைத்தேன்.

“தாத்தாவுக்குக் குளிரும்ல அத்தை?”

தூங்குகிறவரை ஐஸில் வைத்தால் குளிரத்தானே செய்யும்? இரண்டு மாதமாக அந்தக் குளிரை இவன் ஒருவனே சுமந்திருக்கிறான். ‘தாத்தா சாமிகிட்ட போயிட்டார்’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டு, “தாத்தா தூங்கலடா. அத்தை தப்பாச் சொல்லிட்டேன். தாத்தா செத்துப்போயிட்டார். செத்தவங்களுக்குக் குளிராது, வலிக்காது, பசிக்காது” என்றேன்.

“பசிக்கவே பசிக்காதா?”

“பசிக்காது.”

கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் தண்ணியில் ஆட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் பழுப்புக் கலரை எடுத்து, பெட்டி மேல் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று இழுத்தான். அப்பாவின் போர்வை பழுப்பில் கட்டம் போட்டது. கோணல் மாணலாக வந்தது. அவனுக்குத் திருப்தியில்லை.

“கட்டம் எப்படிப் போடணும் அத்தை?”

இன்னொரு தாளை எடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். படத்தை இங்கே போடவில்லை. அது அவனுடையது.