பிருடையை முறுக்குகிறவர்கள்

டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'மெஷின் ஹெட்' பாடல் தொகுப்புக்கு ஐம்பதாம் ஆண்டு என்ற பெயரில் வந்த சூப்பர் டீலக்ஸ் பெட்டியை, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு வாரங்களுக்கு என் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். மூன்று சிடி, ஓர் எல்பி, ஒரு ப்ளூரே. தொகுப்பு வெளியானது 1972 மார்ச்சில். பெட்டி வெளியானது 2024 மார்ச்சில். மண்டபம் கிடைக்காமல் தள்ளிப்போன அறுபதாம் கல்யாணத்தைப் போல, இந்த ஐம்பதாம் ஆண்டும் ஐம்பத்திரண்டில்தான் நடந்திருக்கிறது. அது பெரிய குறையில்லை. ஆனால் நான்கைந்து மாலைகள் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பிறகு, இத்தகைய மறுவெளியீடுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்த ஒரு வருத்தத்தை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்தத் தொகுப்பு பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான்; ஆனாலும் என் வாதத்துக்கு அது தேவைப்படுகிறது. சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோன்ட்ரூ நகரின் காசினோவில், 1971 டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் சுட்ட சமிக்ஞைத் துப்பாக்கியின் சுடர் கூரையில் பற்றிக் கட்டடமே எரிந்துபோனது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் காசினோவில் ஒலிப்பதிவு செய்வதற்காகவே, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்த டீப் பர்ப்பிள் நடுத்தெருவில் நின்றது. பிறகு பவிலியன் என்ற அரங்கத்தில் இரவில் ஒரு பாடலுக்கான வாத்தியப் பகுதியைப் பதிவு செய்தார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. பதிவு முடியும்வரை குழுவின் உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். அந்த வாத்தியப் பகுதிதான் பின்னாளில் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ஆனது. ஏரியின் மேல் படர்ந்த புகையை ஒரு சொற்றொடராகப் பிடித்தவர் பாஸ் கிட்டார் வாசித்த ராஜர் குளோவர்.

அங்கிருந்தும் வெளியேறியவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது, குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். அதன் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்தி ஒலியைக் கட்டினார்கள். லாரி வெளியே நின்றது. வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறைகளையும் குளியலறைகளையும் பால்கனியையும் கடந்து, குளிரில் இறங்கி, லாரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டொரு முறை போய்ப் பார்த்தவர்கள் அலுத்துப்போய், சரியாக வந்துவிட்டது என்று தங்களுக்கே தோன்றும்வரை வாசிப்பது, பிறகு அடுத்த பாடலுக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். லாரிக்குள் உட்கார்ந்து எது முன்னே ஒலிக்க வேண்டும், எது பின்னே நிற்க வேண்டும் என்று தன் காதை நம்பிப் பிடித்தவர் மார்ட்டின் பர்ச் என்ற ஒலிப்பொறியாளர். பின்னாளில் அயர்ன் மெய்டன் குழுவின் புகழ்பெற்ற தொகுப்புகளைத் தயாரித்தவரும் அவரே. டிசம்பர் மாதத்தின் சில வாரங்களுக்குள் ஏழு பாடல்கள், மொத்தம் சுமார் முப்பத்தேழு நிமிடங்கள். இவ்வளவுதான் 'மெஷின் ஹெட்'. அந்தப் பெயருக்கு, கிட்டாரின் தலையில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு என்று பொருள். வீணையில் பிருடை என்கிறோமே, அதுதான்.

அந்தப் பிருடையை இதுவரை எத்தனை கைகள் முறுக்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 1997இல் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதில் மூலக் கலவையின் ரீமாஸ்டரோடு, ராஜர் குளோவரே புதிதாகச் செய்த ரீமிக்ஸ் தனித் தட்டாக இருந்தது. 2012இல் நாற்பதாம் ஆண்டுப் பெட்டி. இப்போது 2024. இதில் மூலக் கலவையின் இன்னொரு ரீமாஸ்டரும், ட்வீஸில் ஸாப்பா செய்த முற்றிலும் புதிய ரீமிக்ஸும், சுற்றிலுமிருந்து ஒலிக்கும்படி அமைத்த அதன் அட்மாஸ் வடிவமும் இருக்கின்றன. ட்வீஸில் வேறு யாருமில்லை, காசினோ எரிந்த இரவில் மேடையில் நின்ற ஃபிராங்க் ஸாப்பாவின் மகன். தீயில் தன் வாத்தியங்களையெல்லாம் இழந்த குழுவின் தலைவர் ஃபிராங்க். அதற்கு ஒரு வாரத்துக்குள் லண்டன் ரெயின்போ அரங்கில் ஒரு பார்வையாளரால் மேடையிலிருந்து தள்ளப்பட்டு, படுகாயமுற்று மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தவரும் அவரே. அவருடைய மகன் கையில் அந்த நாடாக்கள் வந்து சேர்ந்தது கதைக்கு அழகாகத்தான் இருக்கிறது. பெட்டியை விற்கவும் அது உதவியிருக்கும். ஆனால் கதையின் அழகு கலவைக்குச் சான்றிதழ் ஆகாது.

இங்கே ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விளம்பரங்கள் வேண்டுமென்றே இவற்றைக் குழப்புகின்றன. ரீமாஸ்டர் என்பது, இடம் வலம் என இரு தடங்களாகக் கலந்து முடித்த மூல நாடாவை எடுத்து, அதன் ஒலியளவையும் கீழ்ச்சுருதி மேல்சுருதிகளின் எடையையும் மட்டும் திருத்துவது. ரீமிக்ஸ் என்பது அதற்கும் முந்திய நிலைக்குப் போய், தனித்தனித் தடங்களில் கிடக்கும் டிரம்ஸ், பாஸ், கிட்டார், ஆர்கன், குரல் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, மறுபடியும் முதலிலிருந்து கலப்பது. முன்னது ஏட்டில் படிந்த பூச்சியையும் புழுதியையும் நீக்குவது. பின்னது பாடத்தையே மாற்றுவது. நம் பதிப்பு மரபில் இதற்கு ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைக் கொண்டபோது, கொள்ளாத பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். எது மூலம், எது பேதம் என்ற எல்லை வாசகனுக்குத் தெரிந்தது. டீலக்ஸ் பெட்டிகளில் அந்த எல்லைதான் மங்குகிறது. புதிய கலவையை முதல் தட்டில் வைத்து, பழையதை இரண்டாவதாக, ஏதோ துணைச் சான்றுபோல வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடிக்குறிப்பு மேலே போய் மூலம் கீழே இறங்கிவிடுகிறது.

'கலவையை மாற்றினால் என்ன, வாசித்தவர்கள் அதே ஆட்கள்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாடலின் தொடக்கத்தை மட்டும் ஹெட்போனில் கேட்கச் சொல்வேன். முதலில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் மட்டும் தனியாக, உலகத்தில் கிட்டார் வாங்கிய ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் வாசித்துப் பார்க்கும் அந்தச் சிறு சொற்கட்டை வாசிக்கிறது. இரண்டிரண்டு தந்திகளை, பிளெக்ட்ரம் என்ற மீட்டும் வில்லை இல்லாமல், விரலால் கிள்ளி வாசிக்க வேண்டிய கட்டு அது. பிளெக்ட்ரத்தால் அடித்தால் சுரம் சரியாக இருக்கும், குணம் வராது. பிறகு டிரம்ஸ் வாசித்த இயன் பேஸின் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டு, பக்கத்து அறையில் கடிகாரம் ஓடுவதைப்போல நுழைகிறது. மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கரகரக்கும் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் கிட்டாரோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முழு டிரம்ஸ். அதற்கும் பிறகுதான் பாஸ். ஒருவர் பின் ஒருவராக வந்து வடம் பிடிக்க, நின்றிருந்த தேர் அசைந்து கிளம்புவதைப்போன்ற ஒரு கட்டமைப்பு. இது வேலை செய்வதற்கு ஒரே நிபந்தனைதான்: முதலில் தனியாக ஒலிக்கும் கிட்டார், கடைசியில் ஐந்து பேரும் சேர்ந்து ஒலிப்பதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் தொடங்கிய சத்தப் போட்டி இந்த நிபந்தனையைத்தான் உடைத்தது. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது. ஆகவே பாடலை இன்னும் சத்தமாக்க ஒரே வழி, டிரம்ஸ் அடியின் கூர்முனைகளை லிமிட்டர் என்ற கருவியால் நசுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மேலே தூக்குவது. அப்படிச் செய்தால் தனிக் கிட்டாரும் முழுக் குழுவும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். தேர் கிளம்புவதில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் ஐந்து விநாடி கேட்பவருக்கு இது எடுப்பாக இருக்கும், முழுத் தொகுப்பையும் கேட்பவருக்குத் தலைவலி. இத்தனைக்கும் இன்று அந்தப் போட்டிக்குப் பொருளே இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே சராசரி ஒலியளவுக்கு, மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் என்ற அளவுக்கு, கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. நசுக்கி ஏற்றிய சத்தத்தைத் தளம் மறுபடியும் இறக்கிவிடும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

ட்வீஸிலின் ரீமிக்ஸ் சத்தப் போட்டியின் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். அதில் உழைப்பும் காதும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாத்தியத்தையும் துடைத்து, விளக்கொளியில் தனித்தனியாக நிறுத்தியதில், அந்தத் தாழ்வாரம் காணாமல் போய்விட்டதாக எனக்குப் படுகிறது. பழைய கலவையில் சில இடங்களில் ஆர்கன் எது, கிட்டார் எது என்று பிரிக்க முடியாது. அது பர்ச்சின் பிழையல்ல. கிட்டாரோடு சண்டை போடுவதற்காகவே ஆர்கனை கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் செருகியவர் ஜான் லார்ட். இரண்டும் கட்டிப் புரள்வதுதான் இந்தக் குழுவின் குரல். கட்டிப் புரள்பவர்களைப் பிரித்து ஆளுக்கொரு நாற்காலி போட்டால் முகம் தெளிவாகத் தெரியும், சண்டை தெரியாது. குளோவரின் 1997 ரீமிக்ஸிலும் எனக்கு இதே மனக்குறை உண்டு. ஆனால் அவர் வாசித்தவர் என்பதால், வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டுவதைப்போல வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். (பாஸ் வாசிப்பவரிடம் கலவையைக் கொடுத்தால் பாஸ் சற்றே தூக்கலாக இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?) இன்று லார்டும் இல்லை, பர்ச்சும் இல்லை, ஒருவர் 2012இலும் மற்றவர் 2020இலும் மறைந்தார்கள். இது சரியா என்று கேட்க வேண்டிய இரண்டு பேரிடமும் கேட்க முடியாது.

பெட்டியில் என்னை உண்மையாகவே மகிழ்வித்தவை கச்சேரிப் பதிவுகள். லண்டனிலுள்ள பாரிஸ் தியேட்டர் என்ற அரங்கில் 1972இல் நடந்தது முன்பே கிடைத்ததுதான். இன்னொன்று, தீ விபத்துக்கு ஏழெட்டு மாதங்கள் முன்பு, 1971 ஏப்ரலில், அதே மோன்ட்ரூவில் வாசித்தது. ஒலித்தரம் சுமார்தான், நடு வரிசையில் யாரோ பொட்டலம் பிரிப்பது உட்பட எல்லாம் கேட்கும் என்று தோன்றுகிற அளவுக்குக் கரடுமுரடு. இருக்கட்டும். இது எதையும் அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரவில்லை. முன்பு இல்லாத ஒன்றைக் கூடுதலாகத் தருகிறது. டீலக்ஸ் என்றால் எனக்கு இதுதான்: கைவிட்ட முயற்சிகள், நாடாப் பெட்டியின் மேல் எழுதிய குறிப்புகள், இடையில் பேசிய பேச்சு, கச்சேரிகள், அவற்றோடு கை வைக்காத மூலம். மூலத்தை மேம்படுத்துகிறோம் என்று சொல்லும்போதுதான் எனக்குக் கலக்கம் வருகிறது.

இந்த வாதத்தை முடிக்கும் முன், எனக்கு எதிரான ஒரு சாட்சியத்தையும் வைத்துவிடுகிறேன். அந்த ஒலிப்பதிவு நாட்களில் 'வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்' என்ற மெதுவான பாடலும் பதிவானது. அது தொகுப்பில் சேரவில்லை; 'நெவர் பிஃபோர்' சிங்கிளின் பின்பக்கமாக வெளியாகிக் கிடந்து, 1997 பதிப்பில் தொகுப்போடு வந்து சேர்ந்தது. தொகுப்பின் கடைசிப் பாடலான 'ஸ்பேஸ் ட்ரக்கின்' முடிந்து மூச்சு வாங்கும்போது, முடிந்த விருந்தில் மீண்டும் இலை போடுவதைப்போல அது தொடங்குவதை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஆனால் இந்தத் தொகுப்பை நான் முதலில் கேட்டது, கல்லூரி நாட்களில், தெருமுனை ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வாங்கிய தொண்ணூறு நிமிடக் கேசட்டில். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். தொகுப்பு முப்பத்தேழு. மிச்சமிருந்த எட்டு நிமிடத்தை வீணாக்க மனமில்லாத கடைக்காரர், வேறு ஏதோ குழுவின் பாடலொன்றை அங்கே பதிந்து, அட்டையில் அதன் பெயரையும் எழுதாமல் விட்டிருந்தார். நான்கு ஆண்டுகள் அதையும் டீப் பர்ப்பிளின் பாடல் என்றே நம்பினேன். குரல் மாறுவதுகூட எனக்கு உறைக்கவில்லை. பாடகர் இயன் கில்லனுக்கு அன்று ஜலதோஷம் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். இன்றும் 'ஸ்பேஸ் ட்ரக்கின்' தேய்ந்து முடியும்போது என் காது அந்தப் பெயர் தெரியாத பாடலுக்காகத்தான் காத்திருக்கிறது. எனக்கு முதல் டீலக்ஸ் பதிப்பைத் தயாரித்தவர் அந்தக் கடைக்காரர்தான் என்பதால், கூடுதல் பாடல்களை எதிர்த்துப் பேச எனக்குள்ள தகுதி கொஞ்சம் குறைவு.

நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியை எடுத்துப் போகிறார். அதற்குள் மோன்ட்ரூ கச்சேரியை இன்னும் ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட வேண்டும். ட்வீஸில் ஸாப்பாவின் தட்டையும் கேட்பேன், 'லேசி' என்ற பாடல் ஒன்றை மட்டும். தொடக்கத்தில் லார்டின் ஆர்கன் தனியாகக் கரகரக்கும் பகுதியில், அந்தத் தட்டு என்னை அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் உட்கார வைக்கிறது.