புள்ளடியா, இலக்கங்களா? 2011இல் 'இல்லை' என்று வாக்களித்த ஒருவனின் மனமாற்றம்

2011ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி, வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்பப் பாடசாலை மண்டபத்தில் நான் 'இல்லை' என்பதற்கு நேரே புள்ளடியிட்டேன். பாராளுமன்றத் தேர்தலில் ஒரே ஒரு வேட்பாளருக்குப் புள்ளடியிட்டு, அதிக வாக்குப் பெற்றவரை வென்றவராக அறிவிக்கும் முறையை விட்டு, வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் இலக்கமிடும் முறைக்கு மாறலாமா என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. நாடு முழுவதும் வாக்களித்தவர்களில் 67.9 வீதமானோர் என்னைப் போலவே மறுத்தார்கள். வாக்குகள் எண்ணப்பட்ட 440 பகுதிகளில் பத்தில் மட்டுமே 'ஆம்' வென்றது. கூட்டணி அரசில் பிரதமராக இருந்த டேவிட் கமரூனும் அவருடைய கன்சர்வேட்டிவ் (பழமைவாதக்) கட்சியும் அந்த மாற்றத்தை முழு மூச்சாக எதிர்த்தார்கள். அக்கட்சியின் ஆதரவாளன் என்ற முறையில் அவர்களின் வாதங்களை நான் நண்பர்களிடம் மனமாரச் சொல்லித் திரிந்தேன்.

இன்று அதே கேள்வி மீண்டும் வந்தால் 'ஆம்' என்றுதான் வாக்களிப்பேன். எந்தப் பெறுமதிகளுக்காக அன்று 'இல்லை' என்றேனோ, அதே பெறுமதிகள்தான் இன்று என்னை எதிர்ப்பக்கம் கொண்டுவந்திருக்கின்றன. ஆகவே இது கட்சி மாறியவனின் கதையன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதற் பெறுமதி தொகுதி. இலங்கையில், ஊரில், என் தந்தையாரின் தலைமுறைக்கு 'எங்கள் தொகுதி எம்.பி.' என்று ஒருவர் இருந்தார். அவரைத் திட்டுவதென்றாலும் ஆளைத் தெரிந்து திட்டினார்கள். 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 வீத வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. ஏறத்தாழ 30 வீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டு ஆசனங்களே கிடைத்தன. வடக்கு கிழக்கில் மட்டும் வாக்குத் திரட்டிய தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் பிரதான எதிர்க்கட்சியானது. அந்த ஏற்றத்தாழ்வை 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறை, அதாவது வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் முறை, திருத்தியது உண்மை. ஆனால் மாவட்டப் பட்டியலும், பின்னர் அதன்மேல் வந்த, கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளர்களைத் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கும் சேர்ந்து, ஒரே கட்சி வேட்பாளர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டன. மாவட்டத்தில் ஆறேழு பேர் தெரிவாகும்போது, ஒரு கிராமத்து ஒழுங்கைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடையில்லாமல் போயிற்று.

லண்டனுக்கு வந்த பிறகு தொகுதி எம்.பி. என்பவரின் அருமை எனக்கு நேரடியாகப் புரிந்தது. என் தாயாரின் விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தபோது, வெள்ளிக்கிழமை மாலைகளில் தொகுதி மக்களைச் சந்திக்கும் எங்கள் எம்.பி.யிடம் போனேன். நான் அவருக்கு வாக்களித்தவனல்லன், அவர் என் கட்சிக்காரருமல்லர். ஆனாலும் 'இது என் தொகுதி, ஆகவே இது என் வேலை' என்று சொல்லி அன்றே கடிதம் எழுதினார். ஒரு பழமைவாதி காக்க நினைக்கும் உறவு இதுதான். வேல்ஸ் பாராளுமன்றத்துக்கு 2026 முதல் 96 உறுப்பினர்களும் கட்சிகளின் பட்டியல்களிலிருந்தே தெரிவாக வேண்டும் என்று சட்டம் செய்யப்பட்டபோது எனக்கு வந்த வருத்தம் அதனால்தான். பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதைக் கட்சித் தலைமை தீர்மானித்தால், உறுப்பினரின் கண் தலைமையின் மீதிருக்குமே தவிர, வெள்ளிக்கிழமை மாலையில் கதவைத் தட்டுபவர் மீதிராது.

இரண்டாவது பெறுமதி, கெட்ட அரசை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பும் வல்லமை. தேர்தல் முடிந்த பின் கட்சிகள் வாரக்கணக்கில் மூடிய அறைகளில் பேரம் பேசுவதை நான் இன்றும் விரும்பவில்லை.

இந்த இரண்டையும் காப்பது இப்போதைய முறைதான் என்று 2011இல் நம்பினேன். அது நம் முன்னோர் தொன்றுதொட்டுக் காத்துவந்த மரபு என்றும் நம்பினேன். பின்னர் வரலாற்றை ஊன்றிப் படித்தபோதுதான், அந்த இரண்டாவது நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்று தெரிந்தது. ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்ற ஏற்பாடு பிரித்தானியாவில் பொதுவழக்கானது 1885இல்தான். அதற்கு முன் பெரும்பாலான தொகுதிகள் இரண்டு உறுப்பினர்களை அனுப்பின. 1884இல் தாராளவாதப் பிரதமர் கிளாட்ஸ்டனோடு பேசி அந்த மாற்றத்தைப் பெற்றுக்கொண்டவர் கன்சர்வேட்டிவ் தலைவர் சாலிஸ்பரி பிரபு. பெருநகரங்களின் தொழிலாளர் வாக்குகளில் புறநகர் நடுத்தர வர்க்கத்தின் குரல் மூழ்கிவிடக் கூடாது, அதற்குத் தனித் தொகுதிகள் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதற்கும் முன்னர், 1867 சீர்திருத்தச் சட்டத்தில், மூன்று உறுப்பினர் தொகுதிகளில் வாக்காளருக்கு இரண்டு வாக்குகளே என்ற விதியை நுழைத்தவரும் கன்சர்வேட்டிவ் பிரபுவான கெய்ர்ன்ஸ்தான். சிறுபான்மைக்கும் ஓர் ஆசனமாவது கிடைக்கட்டும் என்பதே அதன் நோக்கம். பர்மிங்காமில் தாராளவாதிகள் எந்த வட்டாரத்தார் எந்த இருவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று வகுத்துக் கொடுத்து மூன்று ஆசனங்களையும் வென்று அந்த விதியைத் தோற்கடித்தார்கள் என்பது வேறு கதை. பெரும்பான்மையின் வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துச் செல்லாதபடி அணை கட்டுவதை அந்தக் காலப் பழமைவாதிகள் தங்கள் கடமையாகக் கருதினார்கள். முறையை மாற்றுவது பாவம் என்று அவர்கள் ஒருபோதும் எண்ணியதில்லை.

அவுஸ்திரேலியாவின் கதை இன்னும் நேரடியானது. 1918 ஒக்டோபரில் மேற்கு அவுஸ்திரேலியாவின் சுவான் தொகுதி இடைத்தேர்தலில், தொழிற்கட்சிக்கு எதிரான வாக்குகள் ஆளும் தேசியவாதக் கட்சிக்கும் விவசாயிகளின் வேட்பாளருக்கும் இடையே பிரிந்தன. சுமார் 34 வீத வாக்குகளோடு தொழிற்கட்சி வேட்பாளர் வென்றார். பில்லி ஹியூஸின் தேசியவாத அரசு உடனடியாகச் சட்டம் இயற்றி விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கொரங்கமைட் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் ஸ்கல்லின் முதற் கணக்கில் முன்னணியில் இருந்தும், விருப்ப வாக்குகள் எண்ணப்பட்ட பின் விவசாயிகளின் வேட்பாளரே தெரிவானார். இன்றும் அங்கே வலதுசாரி இரு கட்சிகள் கூட்டணியாகத் தாக்குப்பிடிப்பதற்கு அந்த முறை பெருந்துணை. 2011இல் 'இடதுசாரிகளின் சூழ்ச்சி' என்று எங்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட ஏற்பாடு, வேறொரு நாட்டில் பழமைவாதிகள் தங்கள் கையால் கட்டிய வீடு.

ஆயினும் வரலாறு மட்டும் என் மனத்தை மாற்றவில்லை. 2024 ஜூலை 4ஆம் திகதி, பிரித்தானியப் பொதுத் தேர்தல் இரவுதான் மாற்றியது. தொழிற்கட்சி 33.7 வீத வாக்குகளோடு 411 ஆசனங்களைப் பெற்றது. 2017இல் அதே கட்சி 40 வீதம் பெற்று 262 ஆசனங்களோடு தோற்றிருந்தது. வலதுசாரி ரிஃபோம் யூகே கட்சிக்கு 41 இலட்சம் வாக்குகளும் ஐந்து ஆசனங்களும். லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 35 இலட்சம் வாக்குகளும் 72 ஆசனங்களும். இந்த எண்களை ஒரு பழமைவாதி 'அதுதான் முறை' என்று தோளைக் குலுக்கிக் கடந்துபோக முடியும். தென்மேற்கு நோர்ஃபோக் தொகுதியை அப்படிக் கடக்க என்னால் முடியவில்லை. பின்னாளில் கன்சர்வேட்டிவ் பிரதமரான லிஸ் ட்ரஸ் 2019இல் 69 வீத வாக்குகளோடு வென்ற தொகுதி அது. 2024இல் தொழிற்கட்சி வேட்பாளர் 26.7 வீதத்தோடு அவரை 630 வாக்குகளால் தோற்கடித்தார். ரிஃபோம் வேட்பாளர் 22.5 வீதமும், ஒரு சுயேச்சை வேட்பாளர் 14 வீதமும் பெற்றனர். ட்ரஸ் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. அவர்மீது சினங்கொண்ட அத்தொகுதிப் பழமைவாத வாக்காளர்கள் தங்கள் சினத்தைக் காட்டவும் தங்கள் கொள்கைக்கு ஒரு பிரதிநிதியைப் பெறவும் ஒரே நேரத்தில் வழியில்லாமல் போனதுதான் என் கவலை. நூற்றில் 73 பேர் விரும்பாத ஒருவரோடு தொகுதிக்குள்ள உறவு எவ்வளவு உறுதியானது? தொகுதி உறவுக்காகவே இம்முறையைக் காப்பதாகச் சொல்லும் நாம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

விருப்ப வரிசை முறையில் தொகுதி அப்படியே இருக்கும், எம்.பி. ஒருவரே இருப்பார், வெள்ளிக்கிழமைச் சந்திப்பும் தொடரும். மாறுவது வாக்குச்சீட்டில் நாம் இடும் அடையாளம் மட்டுமே. முதல் இலக்க வாக்குகளில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால், கடைசியில் நிற்பவர் விலக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். இலங்கையின் சனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை அடையாளமிடலாம் என்பதால் நம்மவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. 2024 செப்டம்பரில் முதன்முறையாக அந்த இரண்டாம் கணக்கெடுப்பு நடந்தபோது நாட்டில் எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை.

இதற்கெதிராக ஒரு வலுவான பழமைவாத வாதம் உண்டு. அதை நான் மறைக்கப்போவதில்லை. 1931இல் இதே முறைக்கான சட்டமூலம் வந்தபோது வின்ஸ்டன் சேர்ச்சில், மிகவும் தகுதியற்ற வேட்பாளர்களுக்கு விழும் மிகவும் தகுதியற்ற வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கும் என்று சாடினார். 1998இல் தேர்தல் முறையை ஆராய்ந்த ஜென்கின்ஸ் ஆணைக்குழுவில் இருந்த கன்சர்வேட்டிவ் பிரபு அலெக்சாண்டரும் தொகுதிகளில் இம்முறை வேண்டாம் என்று தனிக் குறிப்பெழுதினார். 1997 தேர்தல் இம்முறையில் நடந்திருந்தால் தொழிற்கட்சியின் பெரும்பான்மை இன்னும் பெருத்திருக்கும் என்ற கணிப்பையும் அந்த ஆணைக்குழு பதிவுசெய்தது. உண்மைதான், இது விகிதாசாரத்தைத் தராது, மக்கள் ஒரு கட்சிமீது வெறுப்புற்றால் அக்கட்சியை இன்னும் கடுமையாகத் தண்டிக்கும். கெட்ட அரசை ஒரே நாளில் அனுப்பும் வல்லமையை விரும்புகிற நான், தண்டிக்கப்படுவது என் கட்சியாக இருக்கும்போது மட்டும் அதைக் குறை என்று சொல்ல முடியாது. சேர்ச்சிலின் சாடலைப் பொறுத்தவரை, கடைசியில் நிற்கும் வேட்பாளருக்கு வாக்களித்த விவசாயியின் வாக்கு ஏன் தகுதியற்றது என்பதற்கு அவர் காரணம் சொல்லவில்லை.

மேலும், எங்கள் கட்சியே தன் தலைவரை அதிக வாக்குப் பெற்றவர் உடனே வெல்லும் முறையில் தெரிவுசெய்வதில்லை. 2005இல் எம்.பி.க்களின் முதற் சுற்றில் டேவிட் டேவிஸுக்கு 62 வாக்குகள், கமரூனுக்கு 56. அன்றே முடித்திருந்தால் கமரூன் தலைவராகியிருக்கவே மாட்டார்.

ஸ்கொட்லாந்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 1997இல் அங்கே 17.5 வீத வாக்குப் பெற்றும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 1999இல் புதிய ஸ்கொட்டிஷ் பாராளுமன்றத்தில் கிடைத்த 18 ஆசனங்களும், கட்சி எதிர்த்த அதே பட்டியல் முறையால் கிடைத்தவை. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அங்கே கட்சி மீண்டெழ அடித்தளமே இருந்திருக்காது. பட்டியல் முறை மீதான என் ஐயம் இன்னும் நீங்கவில்லை. ஆனால் அதனால் பழமைவாதத்துக்கு நன்மையே விளையாது என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

என்னை மிகவும் வருத்துவது 2022 தேர்தல்கள் சட்டம். லண்டன் மேயர் தேர்தலில் 2000ஆம் ஆண்டிலிருந்து முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு நிரல்கள் இருந்தன. தொழிற்கட்சியின் கோட்டையெனக் கருதப்படும் இந்த நகரத்தில் போரிஸ் ஜோன்சன் 2008இலும் 2012இலும் வென்றது அந்த முறையில்தான். இரண்டு தடவையும் இரண்டாம் விருப்பங்களோடு பாதியைத் தாண்டினார். அவர் பிரதமராக இருந்தபோதே இச்சட்டத்தால் அந்த இரண்டாம் நிரல் நீக்கப்பட்டது. சரியாக இயங்கிக்கொண்டிருந்த ஓர் ஏற்பாட்டை, மக்களிடம் கேட்காமல், சொந்த அனுகூலம் கருதி அழித்ததை எந்தப் பழமைவாதக் கொள்கையின் பெயரால் நியாயப்படுத்துவது? 2025 மேயில் மேற்கு இங்கிலாந்துப் பிராந்திய மேயராக ஒருவர் 25 வீத வாக்குகளோடு தெரிவானார். வென்றது தொழிற்கட்சி.

2025 ஜூலையில் அரசு முன்வைத்த அதிகாரப்பகிர்வுச் சட்டமூலத்தில், மேயர் தேர்தல்களுக்கு அந்த இரண்டாம் நிரலை மீளக் கொண்டுவரும் ஏற்பாடு இருந்தது. அதைக் கொண்டுவந்தது தொழிற்கட்சி என்பதற்காக எங்கள் கட்சிக்காரர்கள் எதிர்ப்பது பெரும் பிழை. பாராளுமன்றத் தேர்தலை மாற்றுவதற்கு முன் உள்ளூரில் சிறிய அளவில் இயக்கிப் பார்த்துக் குறைகளைக் கண்டு திருத்திக்கொள்வதுதான் பழமைவாதியின் இயல்பான வழி. கட்சியின் உள்ளூர்க் கிளைக் கூட்டத்தில் இதைப் பேச அரைமணி நேரம் கேட்டிருக்கிறேன். 2011இல் என்னோடு சேர்ந்து 'இல்லை' என்று புள்ளடியிட்டவர்களில் எவருக்காவது இன்னும் அதே எண்ணம் இருந்தால், அங்கு போகுமுன் உங்கள் காரணங்களை நான் அறிய விரும்புகிறேன்.