கடல்பாசி யாருடைய சாப்பாடு?

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. மகன் பள்ளிவிட்டு வந்ததும் நோரி, அதாவது ஜப்பான்காரர்கள் தாளாகக் காயவைத்து விற்கும் கடல்பாசி, பாக்கெட்டைப் பிரித்தான். உம்மா பார்த்துவிட்டு, "கண்டதையும் திங்காதடா, கடல் குப்பை அது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நோன்பு மாதம் முழுக்கப் பாலும் ரோஸ் சிரப்பும் ஊற்றிக் கடல்பாசி காய்ச்சி, வில்லை வில்லையாக வெட்டி வைப்பது இதே உம்மாதான். மலாய்க்காரர்கள் அகர் அகர் என்கிறார்கள், நாம் கடல்பாசி என்கிறோம். பெயரிலேயே பாசி இருந்தும் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் பொட்டலமாக வாங்குவதால் யாருக்கும் அது உறைப்பதில்லை.

அந்த மலாய்ச் சொல்தான் இன்று உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் புழங்குகிறது, தெரியுமா? 1881 வாக்கில் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கிடம் வேலை பார்த்த ஹெஸ்ஸிக்குக் கிருமி வளர்க்கும் ஜெலட்டின் உருகி உருகிப் போனது. அவர் மனைவி ஃபேனிதான், நான் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றாராம். ஜாவாவில் இருந்துவந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த அடுப்படி விஷயம் அது!

சரி, உம்மா கதைக்கு வருகிறேன். அவர் பிறந்தது ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம். அங்கே பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். அகர் காய்ச்ச அதுதான் போகிறது. அங்குள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளை 1986இல் கடல் தேசியப் பூங்காவாக்கிய பிறகு, தலைமுறையாகப் பாசி எடுத்தவர்கள் திருடர்களைப் போல ஒளிந்து போக வேண்டியதாயிற்று. அவர்களைத் திரட்டிய சின்னப்பாலம் கிராமத்து லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது 2015இல் கிடைத்தது.

இப்போது முங்க வேண்டாம், வளர்க்கலாம் என்கிறார்கள். நல்லதுதான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டிய விதைப்பாசி, 45 நாளில் அறுவடை. உரம் வேண்டாம், நன்னீர் வேண்டாம். ஆனால் வளர்ப்பது எது? கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் அங்கே கொண்டுவந்ததால் ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்றே பேர். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமிலும் சாக்லேட் பாலிலும் பற்பசையிலும் கெட்டிப்படுத்தப் போகிறது, அதாவது கடல் குப்பை என்று திட்டிய உம்மாவும் தினமும் காலையில் அதைத்தான் வாயில் போட்டுத் துப்புகிறாரோ என்னவோ. தொழிற்சாலைக்குப் போகும் பயிர் என்பதால் விலையும் தொழிற்சாலைக்காரர் கையில். மிதவையிலிருந்து தப்பிய பாசி பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்து மூடியதையும் 2008இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

எனக்கு வருத்தம் இதுதான். அதே கடலில் கஞ்சிப்பாசி என்று ஒன்று இருக்கிறது. கஞ்சி காய்ச்சிக் குடித்ததால் வந்த பேர். வெளியூர்ச் சரக்கில்லை, அங்கேயே விளைவது, மண்டபத்தில் மத்திய மீன்வள ஆராய்ச்சிக்காரர்கள் கயிற்றில் கட்டி வளர்த்தும் பார்த்திருக்கிறார்கள். நம் வாய்க்குப் போகிற பயிராக அதை வளர்த்துக் கரையிலேயே சமைத்து விற்றால் அந்தப் பெண்கள் ஒரே வியாபாரியை நம்பி நிற்க வேண்டாமே? கேட்பதற்கு ஆள் இல்லையே என்பார்கள். ஆள் எப்படி இருக்கும், ஜப்பான்காரன் சோற்றைப் பாசியில் சுற்றிக் கொடுத்தால் பத்து வெள்ளி கொடுத்துத் தின்கிறோம், பாம்பனில் விளைந்தால் குப்பை என்கிறோம்.

இங்கேயே சிங்கப்பூர்க் கடலில் வளர்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிற ஊர் என்பதால் ஆசை புரிகிறது, ஆனால் கப்பல் நிற்கவே இடம் போதாத கடலில் மிதவையை எங்கே கட்டுவது? வளர்க்க முடியாவிட்டால் பரவாயில்லை, வாங்கித் தின்னலாம்.

உம்மாவிடம் கஞ்சிப்பாசிக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க உம்மா காய்ச்சும், நான் பக்கத்துல நின்னு பாத்ததோட சரி" என்றார். வேதாளை, பாம்பன் பக்கத்து ஆட்கள் யாருக்காவது பக்குவம் தெரிந்தால் கீழே எழுதுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றுவதா வேண்டாமா என்பதையும் சேர்த்து.