சண்டை எதுக்குன்னு யாராவது எழுதுங்களேன்!

ஆபீஸில் முட்டிக்கொள்ளும் ரெண்டு பேர் காதலிக்கும் நாவலுக்கு விமர்சனம் என்றால், முக்கால்வாசி கதைச்சுருக்கம், கடைசி வரியில் ‘கெமிஸ்ட்ரி சூப்பர்’. எரிச்சலாக இருக்கிறது. சண்டை எதற்கு? ஒரே பதவி உயர்வுக்குப் போட்டியா, இல்லை ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்கிற தப்பபிப்பிராயமா? பின்னது என்றால் பாதிப் புத்தகத்திலேயே கதை தொய்ந்துவிடும். வெறுப்பு எந்த இடத்தில் திரும்புகிறது என்றாவது சொல்லலாமே. ஜேன் ஆஸ்டின் 1813-இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் 61 அத்தியாயங்களில் 34-ஆவதில்தான் நாயகன் டார்சியைக் காதலைச் சொல்ல வாய் திறக்க வைத்தார். நாயகி எலிசபெத் மனம் மாறத் தொடங்கவே அதற்கப்புறம் டார்சியின் ஒரு நீண்ட கடிதம் தேவைப்பட்டது. மூன்றாம் அத்தியாயத்திலேயே முத்தம் வந்தால் அப்புறம் பகைக்கு ஏது இடம்? ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியா என்பதையும் எழுத மாட்டார்கள். அவளுடைய அப்ரைசலில் கையெழுத்துப் போடுகிறவனே அவன் என்றால், அவன் கிண்டலுக்கு அவள் எப்படிப் பதிலடி கொடுப்பாள்?