பழைய கம்பியை நிமிர்த்தித் தளத்துக்குப் போடாதீங்க

"இடிச்ச வீட்டுக் கம்பியை நிமிர்த்திப் புது ரூஃபுக்குப் போட்டா பாதிச் செலவு மிச்சம்"னு உங்க பதிவுல சொல்லியிருக்கீங்க. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீங்க.

பழைய வீடுகள்ல நிறைய இடத்துல இருக்குறது முறுக்கில்லாத வழவழப்பான கம்பி. அதோட பலம் 250 கிரேடு (கிரேடுன்னா கம்பி எவ்வளவு இழுவையைத் தாங்கும்னு சொல்ற எண்). இன்னைக்கு இன்ஜினியர் கணக்குப் போடுறது 500 கிரேடுக்கு. அதே அளவுல அதே எண்ணிக்கை போட்டா தளத்துக்குப் பாதி பலம்தான். இதுபோக, வளைஞ்ச இடத்தைச் சுத்தியலால் அடிச்சு நிமிர்த்தும்போது வளைவோட உள்பக்கம் மயிரிழை விரிசல் விழலாம். துரு அங்கதான் முதல்ல பிடிக்கும். எடைக்குப் போட்டுட்டு அந்தக் காசுல புதுக் கம்பி வாங்குங்க.

பழைய செங்கலைத் திரும்பப் பயன்படுத்தலாம்னு நீங்க சொன்னது பாதி சரி. சுண்ணாம்புக் கலவையில கட்டினது கொத்துக்கரண்டியால தட்டினாலே சுத்தமாகிடும். சிமெண்ட்ல கட்டினது கல்லோட சேர்ந்து உடையும், சுத்தம் பண்ணுற கூலியே கட்டுப்படியாகாது. நல்லாக் காய்ஞ்ச கல் 3 கிலோன்னா, 24 மணி நேரம் தண்ணியில ஊறின பிறகு 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினா சுவருக்கு வேண்டாம், உடைச்சு ஜல்லியாக்கிக்கலாம்.

உண்மையான மிச்சம் தேக்கு நிலை, கதவுலதான். நிலையோட அடிப்பக்கத்தை மட்டும் உளியால குத்திப் பாருங்க. உளுத்திருந்தா மாவா உதிரும்.